பெயர் எழுதி வைப்பது எப்படி அறிவியலாகும்?

பூச்சியியலின் தந்தை யார், அது எப்போது தொடங்கியது, பூச்சியைப் பிடித்து ஊசியில் குத்திப் பெயர் எழுதி வைப்பதை எப்படி அறிவியல் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் ஒரு வரியில் பதில் கிடைத்துவிடும். உங்கள் உண்மையான ஐயம் மூன்றாவதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: வெறும் சேகரிப்பும் பட்டியலுமாக இருந்த ஒன்று எதனால், எப்படி அறிவியலாக மாறியது? பயிர்ப்பூச்சிகளை வளர்த்து ஆராய்வதும் அதையே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். மரபணு ஆய்வு என் கையால் செய்தது அல்ல. அந்தப் பக்கம் நான் சொல்வதெல்லாம் வாசித்து அறிந்தது.

தந்தை என்று ஒருவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிஸ்டாட்டில் பூச்சிகளை அறுத்துப் பார்த்தார், இறக்கை உள்ளவை இல்லாதவை என்று பிரித்தார், தேனீக்களைப் பற்றி நுணுக்கமாக எழுதினார். ஆனால் சில பூச்சிகள் பனித்துளியிலிருந்தும் சேற்றிலிருந்தும் சாணத்திலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்று நம்பியவரும் அவர்தான். தேன்கூட்டின் தலைவியை அரசன் என்றே அவர் எழுதினார். இவை ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பெரிய மறுப்பில்லாமல் நின்றன. அந்த நீண்ட காலத்தில் பூச்சிகளைப் பார்த்தவர்களுக்குக் குறைவே இல்லை. ஒரு பூச்சியைத் தனியே அடைத்து, முட்டையிலிருந்து சாவு வரை விடாமல் கவனித்தவர்கள்தான் அரிது. என் பார்வையில் இந்தத் துறை அறிவியலானது அந்த வேலை தொடங்கியபோதுதான். அதாவது 1660-களில்.

1668-இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி தம் சோதனைகளை வெளியிட்டார். இறைச்சித் துண்டுகளையும் மீனையும் குடுவைகளில் போட்டு, சிலவற்றை மூடினார், சிலவற்றைத் திறந்துவைத்தார். திறந்தவற்றில் மட்டும் புழு வந்தது. காற்று புகாததால்தான் மூடியவற்றில் புழு பிறக்கவில்லை என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால், அடுத்த முறை மெல்லிய வலைத்துணியால் மூடினார். ஈக்கள் துணியின் மேலேயே முட்டையிட்டன. உள்ளே இருந்த இறைச்சி அழுகியதே தவிரப் புழுக்கவில்லை. எதிராளி என்ன சொல்வார் என்று யோசித்து, அதற்கென்றே இன்னொரு குடுவை வைத்தாரே, அந்த இரண்டாவது குடுவையில்தான் அறிவியல் இருக்கிறது. ஆனால் அதே ரெடி, செடிகளில் வரும் முடிச்சுகளுக்குள் இருக்கும் புழுக்களை அந்தச் செடியின் உயிர்ச்சக்தியே உண்டாக்குகிறது என்று கருதினார். அங்கே வெளியிலிருந்து பூச்சி வந்து முட்டை வைப்பதை அவர் பார்க்கவில்லை. இத்தாலிய ஆய்வாளர்களான மால்பீகியும் வல்லிஸ்னியேரியும் பின்னர் அதைத் தெளிவாக்கினார்கள்.

ரெடிக்கு அடுத்த ஆண்டே, 1669-இல், டச்சுக்காரரான யான் ஸ்வாமர்டாமின் நூல் வந்தது. புழு செத்து, அதிலிருந்து வேறொரு உயிராகப் பட்டாம்பூச்சி எழுகிறது என்பது அன்றைய பொது நம்பிக்கை. ஸ்வாமர்டாம் கூட்டுப்புழுவாகும் தறுவாயில் இருந்த புழுவைக் கீறி, தோலுக்கு அடியில் இறக்கைகள் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருப்பதை எடுத்துக் காட்டினார். முட்டை, புழு, கூட்டுப்புழு, பறப்பது எல்லாம் ஒரே உயிரின் பருவங்கள் என்பது அத்தோடு நிலைபெற்றது. தேன்கூட்டின் ‘அரசனை’ அறுத்துச் சினைப்பைகளைக் காட்டியவரும் அவரே. இதை நீங்களே பார்க்கலாம். கடைசிப் பருவத்துப் புழுவை மெழுகுத் தட்டில் பொருத்தி, தண்ணீர் விட்டு, முதுகை நீளவாக்கில் நுனிக் கத்தரியால் திறந்தால் முதலில் வெள்ளையாகக் கொழுப்புத் திசு பிதுங்கும். அதை விலக்கினால் தடித்த பச்சைக் குடல், அதன் இரு பக்கமும் வெள்ளிக் கம்பிகளாக மின்னும் மூச்சுக் குழாய்கள். மார்புக் கண்டங்களின் ஓரத்தில், தோலோடு ஒட்டினாற்போல், மடிந்து சுருண்ட சிறு தகடுகள் பக்கத்துக்கு இரண்டாக இருக்கும். அவைதான் இறக்கைகள். எத்தனை முறை காட்டினாலும் அந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

அதே தலைமுறையைச் சேர்ந்த மரியா சிபில்லா மேரியனை நான் பலரைவிட உயர்வாக மதிக்கிறேன். ஓவியர், பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. 13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கி, பிறகு கண்ணில் பட்ட புழுவையெல்லாம் வளர்த்தார். 1699-இல், தம் 52-ஆவது வயதில், இளைய மகளை அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரினாம் போய், இரண்டு ஆண்டுகள் பூச்சிகளை வளர்த்து வரைந்தார். 1705-இல் அந்தப் படங்கள் நூலாயின. ஒவ்வொரு பூச்சியையும் அதன் எல்லாப் பருவங்களோடும், அது தின்னும் செடியோடும் சேர்த்தே வரைந்தார். எந்தப் பூச்சி எந்தச் செடியில் என்பது இன்று பயிர்ப்பாதுகாப்பின் அரிச்சுவடி. அன்று அதைப் படத்தின் நடுவிலேயே வைத்தவர்கள் மிகச் சிலர்.

அக்காலத்தில் இன்னொரு புதிரும் இருந்தது. புழுவை வளர்த்தால் சில சமயம் அந்துப்பூச்சிக்குப் பதில் சின்னச் சின்ன ஈக்கள் போல ஏதோ கூட்டமாக வெளிவரும். யோஹன்னஸ் ஹூடார்ட் என்ற டச்சு ஓவியர் இதைப் பார்த்து, ஒரே வகைப் புழுவிலிருந்து இரண்டு வகைப் பிறவி வரலாம் என்று நினைத்தார். கண்டது சரி, விளக்கம்தான் தவறு. புழுவுக்குள் முட்டையிட்டு அதையே தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் அவை என்பது தெளிவாக இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. பயிர்ப்பூச்சியை அதன் இயற்கை எதிரியாலேயே அடக்கும் இன்றைய உயிரியல் கட்டுப்பாட்டின் பெரும்பகுதி இந்தக் குளவிகளை நம்பித்தான் நடக்கிறது.

வளர்த்துப் பார்ப்பதன் உச்சம் என்று நான் சொல்வது 1740-இல் ஜெனீவாவில் நடந்தது. செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகளான அசுவினிகள் ஆண் துணையில்லாமலே குட்டி போடுகின்றனவா என்று பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் ஐயப்பட்டிருந்தார். 20 வயது சார்ல் பொன்னே, அப்போதுதான் பிறந்த ஓர் அசுவினியை ஒரு கிளையில் தனியே விட்டுக் கண்ணாடியால் மூடி, நாள் முழுக்க உருப்பெருக்கியோடு உட்கார்ந்தார். தோலுரித்ததையெல்லாம் குறித்தார். வேறு எந்தப் பூச்சியும் அண்டாத அந்த அசுவினி, ஜூன் மாதத்தில் சுமார் மூன்று வாரங்களில் 95 குட்டிகள் ஈன்றது. ஆணின்றி இனப்பெருக்கம் உண்டு என்று விலங்குலகில் உறுதியானது இப்படித்தான். ஒரு பூச்சி, ஒரு கிளை, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்.

சரி, இப்போது பெயர் வைப்பதற்கு வருவோம். 1758-இல் வந்த சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸின் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பிலிருந்துதான் விலங்குகளின் அறிவியல் பெயர்களைக் கணக்கில் எடுக்கிறோம். பூச்சிகளை இறக்கைகளை வைத்து ஏழு வரிசைகளாக அவர் பிரித்தார். வண்டுகளுக்கும் ஈக்களுக்கும் அவர் தந்த வரிசைப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. சிலந்தியையும் தேளையும் நண்டையும் இறக்கையில்லாத பூச்சிகள் என்று சேர்த்ததுதான் நிற்கவில்லை. அவருடைய மாணவர் பாப்ரீசியஸ் வாயுறுப்புகளை வைத்துப் பிரித்து, தாம் மட்டுமே பத்தாயிரத்துக்கு நெருக்கமான இனங்களுக்குப் பெயரிட்டார். இந்தப் பணியின் மதிப்பை அறிந்தவர்கள் சிலர் இருந்ததால்தான் ஓர் உயிர் பிழைத்த கதையும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையில் கிடந்த பாதிரியார் லாத்ரேய், தரையில் ஊர்ந்த சிறு வண்டு அரிய வகை என்று சிறை மருத்துவரிடம் சொன்னார். வண்டு ஓர் இளம் இயற்கையாளரிடம் போய், அவர் முயற்சியில் லாத்ரேய் விடுதலையானார். பின்னாளில் பூச்சிக் குடும்பங்களை ஒழுங்குபடுத்திய பெரும்பணி அவருடையது.

பெயரிடுவது அலங்கார வேலை இல்லை என்பதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று மலேரியா. கொசுவின் உடலில் யானைக்கால் நோயின் நுண்புழு வளர்வதை 1877-இல் பாட்ரிக் மேன்சன் கண்டார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், அனாபிலஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் கூடுகளைக் கண்டார். அடுத்த ஆண்டு, மனிதருக்கு வரும் மலேரியாவை அனாபிலஸ்தான் கடத்துகிறது என்று இத்தாலியில் கிராசி குழுவினர் காட்டினார்கள். 1900-இல் வால்டர் ரீட் குழு மஞ்சள் காய்ச்சலுக்கும் கொசுவே காரணம் என்று நிறுவியது. கியூபாவின் கார்லோஸ் பின்லே அதை 1881-லேயே சொல்லியிருந்தார். இத்தனைக்குப் பிறகும் ஐரோப்பாவில் ஒரு கணக்கு உதைத்தது. மக்குலிபென்னிஸ் என்ற அனாபிலஸ் கொசு மொய்க்கும் சில ஊர்களில் மலேரியாவே இல்லை. அதே கொசு இருக்கும் வேறு ஊர்களில் ஆட்கள் செத்தார்கள்.

விடை கிடைத்தது முட்டையில். டொமெனிகோ பல்லெரோனி என்ற இத்தாலியச் சுகாதார அலுவலர், அந்தக் கொசு இடும் முட்டைகளின் மேல்கோலம் ஒன்றுபோல் இல்லை என்று கவனித்து 1926-இல் அவற்றைப் பிரித்தெழுதினார். பிறகு வந்தவர்கள் சரிபார்த்தபோது, ஒரே கொசு என்று நினைத்தது பார்வைக்குப் பிரித்தறிய முடியாத பல இனங்களின் கூட்டம் என்று தெரிந்தது. சில மனிதரைத் தேடிக் கடிப்பவை. சில மாட்டுக் கொட்டிலிலேயே நிறைவடைபவை. எந்தக் கொசுவை ஒழிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்ற முடிவு முழுக்க இந்தப் பெயர்ப் பிரிப்பில்தான் தொங்கியது. பெயர் தவறானால், ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்க்கவே முடியாது. இருவரும் வெவ்வேறு பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் ஊசியில் குத்திய அந்த மாதிரியைப் பத்திரமாக வைக்கிறோம்.

வேளாண்மைப் பக்கம் பெரிய திருப்பம் 1888-89-இல் வந்தது. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பஞ்சுச் செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் கோபெலே ஆஸ்திரேலியா போய், அதன் சொந்த ஊரில் அதைத் தின்னும் பொறிவண்டைக் கண்டுபிடித்து அனுப்பினார். மொத்தம் சுமார் 500 வண்டுகள்தான். இரண்டே ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் மீண்டன. அப்புறம் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வந்தது. பவுல் முல்லர் 1939-இல் அதன் கொல்லும் திறனைக் கண்டார், 1948-இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டாம் உலகப் போரில் பேன் வழிப் பரவிய காய்ச்சலிலிருந்து அது பெரும் எண்ணிக்கையில் மக்களைக் காத்தது உண்மை. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் 1947-க்குள் டிடிடிக்குச் சாகாத வீட்டு ஈக்கள் வந்துவிட்டன. கலிபோர்னியாவில் அதைத் தெளித்த தோட்டங்களில் பொறிவண்டு செத்து, அடங்கியிருந்த அதே செதில்பூச்சி மறுபடி பெருகியது. மருந்துக்கு எதிர்ப்புத்திறன் வரும் என்பது புதுச் செய்தியும் அல்ல. மெலாண்டர் என்ற அமெரிக்கர் சுண்ணாம்பு-கந்தகக் கரைசலுக்குச் செதில்பூச்சி சாகாததை 1914-லேயே எழுதியிருந்தார். துறைக்குள் இருந்தவர்களே அதைப் பொருட்படுத்தாமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். 1959-இல் ஸ்டெர்னும் உடன் ஆய்வாளர்களும், பூச்சியைக் கண்டவுடன் தெளிக்காதே, சேதம் செலவைத் தாண்டும் நிலைக்கு வரும்போது மட்டும் தெளி, இயற்கை எதிரிகளைக் காப்பாற்று என்று கணக்கோடு எழுதினார்கள். ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று இன்று நாங்கள் கற்பிப்பதன் அடித்தளம் அது. பூச்சிக்கொல்லிகளின் தீங்கைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொன்ன ரேச்சல் கார்சனின் நூல் வந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

பூச்சியின் உள்ளே என்ன நடக்கிறது என்ற ஆய்வில் ஆங்கிலேயரான விக்கிள்ஸ்வொர்த்தின் 1930-களின் சோதனைகளை விட்டுவிட்டுப் போக முடியாது. ரோட்னியஸ் என்ற, மூட்டைப்பூச்சியைப் போல இரத்தம் குடிக்கும் பூச்சி, ஒவ்வொரு முறை தோலுரிக்கவும் ஒரு முறை வயிறு நிறையக் குடித்தால் போதும். குடித்த உடனே தலையை வெட்டினால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆனால் தோலுரிக்காது. சில நாள் கழித்து வெட்டினால் தலையில்லாமலே தோலுரிக்கும். முதல் வகையை இரண்டாவதோடு இரத்தம் கலக்கும்படி ஒட்டிவைத்தால் முதலாவதும் தோலுரிக்கும். தலையிலிருந்து ஏதோ இரத்தத்தில் இறங்கி உருமாற்றத்தை ஆள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பிறகு 1960-களில் கரேல் ஸ்லாமா பிராகிலிருந்து ஹார்வர்டுக்குக் கொண்டுபோன செந்நிறப் பூச்சிகள், வளர்ந்த பூச்சியாகாமல் இளம்பருவத்திலேயே நின்று பெருத்தன. தேடித் தேடிப் பார்த்ததில் காரணம் வளர்ப்புச் சாடியில் போட்டிருந்த காகிதத் துவாலை. அது செய்யப்பட்ட அமெரிக்க ஊசியிலை மரத்தில் இளமை ஹார்மோன் போலச் செயல்படும் பொருள் இருந்தது. அந்த வழியில் வந்த செயற்கைப் பொருள்கள் இன்று கொசுப்புழுவைக் கட்டுப்படுத்தப் பயன்படுகின்றன. பழ ஈயை வைத்து மோர்கன் தொடங்கிய மரபியலும் உண்டு. அது தனிப் பதிலுக்குரிய பெரிய கதை.

இனி உறுதியானது எது, உறுதியில்லாதது எது என்று சொல்லிவிடுகிறேன். பூச்சிகளில் இதுவரை விவரிக்கப்பட்டவை சுமார் 10 லட்சம் இனங்கள், இது உறுதி. மொத்தம் எத்தனை என்பது ஊகம்தான். 1982-இல் டெர்ரி எர்வின், பனாமாவில் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களில் மருந்துப் புகையடித்து விழுந்த வண்டுகளை எண்ணி, அதிலிருந்து பெருக்கி, வெப்பமண்டலக் கணுக்காலிகள் (பூச்சி, சிலந்தி, நண்டு எல்லாம் சேர்ந்த கூட்டம்) 3 கோடி இனங்கள் இருக்கலாம் என்றார். ஒரு மரத்துக்கே உரிய வண்டுகள் இத்தனை என்ற அவருடைய அனுமானம் அதிகம் என்று பிறகு தெரிந்தது. இன்று பூச்சிகளுக்குப் பலரும் 50-60 லட்சத்தை ஒட்டிப் பேசுகிறார்கள். பூச்சிகள் கணுக்காலிகளில் நண்டினத்தின் கிளைக்குள் அடங்குபவை என்பதும், கறையான்கள் உண்மையில் கரப்பான்களின் ஒரு கிளை என்பதும் மரபணு ஆய்வுகளால் இப்போது உறுதி. இறக்கை எதிலிருந்து தோன்றியது, முதுகுத் தகட்டின் நீட்சியா, காலடிப் பகுதியிலிருந்தா, இரண்டும் சேர்ந்தா என்பது இன்னும் வாதத்தில் இருக்கிறது. தேனீயின் நடனம் வெகுகாலம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. கூட்டுக்குத் திரும்பும் தேனீ உணவு இருக்கும் திசையை நடனத்தால் மற்றவற்றுக்குச் சொல்கிறது என்று ஆய்வாளர் வான் பிரிஷ் சொன்னதை 1960-களில் சிலர் வாசனையால்தான் வழி தெரிகிறது என்று மறுத்தார்கள். 2005-இல் தேனீயின் முதுகில் சிறு கம்பி பொருத்தி ராடாரில் தொடர்ந்தபோது அவை நடனம் சொன்ன திசையில்தான் பறந்தன.

பூச்சிகள் குறைந்துவருகின்றன என்ற செய்தியில்தான் மிகுந்த கவனம் தேவை. ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில், 27 ஆண்டுகளில், பறக்கும் பூச்சிகளின் எடை முக்கால் பங்குக்கு மேல் சரிந்ததாக 2017-இல் வந்த ஆய்வு திடமானது, கலங்கவைப்பது. ஆனால் அதை உலகம் முழுதுக்கும் நீட்ட முடியாது. 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், நிலத்தில் பத்தாண்டுக்கு சுமார் 9 சதவீதம் குறைவு, நன்னீரில் சுமார் 11 சதவீதம் கூடுதல் என்றார்கள். அந்த நன்னீர்க் கணக்கையே பலர் மறுத்தார்கள். வெப்பமண்டலத்தில் நீண்டகாலத் தரவு மிகக் குறைவு. பூச்சி வகைகளில் பெரும்பகுதி வாழ்வதோ அங்கேதான்.

ஆகவே கண்டுபிடிக்க மிச்சம் என்ன இருக்கிறது என்ற கவலை வேண்டாம். 2002-இல் பூச்சிகளில் புதிதாக ஒரு வரிசையே அறிவிக்கப்பட்டது, 1914-க்குப் பிறகு முதல் முறையாக. மரப்பிசின் இறுகி உண்டான ஓர் அம்பர் கல்லுக்குள் உறைந்த பூச்சி, அருங்காட்சியக இழுப்பறைகளில் பெயரின்றிக் கிடந்த பழைய ஆப்பிரிக்க மாதிரிகள் என்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது தெரிய வந்தது. உயிருள்ளவை பிறகு நமீபியாவின் மலையில் கிடைத்தன. யாரோ ஊசியில் குத்தி, இடமும் தேதியும் எழுதி வைத்ததால் நடந்தது இது. இந்தத் துறையில் இறங்க விரும்பினால், ஒரு புழுவை அது தின்னும் செடியோடு எடுத்து, காற்றுப் புகும் டப்பாவில் வளர்த்துப் பாருங்கள். தினமும் புது இலை போட்டு, கழிவை அகற்றி, தோலுரிக்கும் நாளைக் குறித்துவையுங்கள். அந்துக்குப் பதில் குளவி வந்தால் ஏமாந்துபோய்க் கொட்டிவிடாதீர்கள். குளவியையும் புழுத்தோலையும் சேர்த்து வைத்து, செடி, இடம், தேதி மூன்றையும் எழுதிவிடுங்கள். ஒட்டுண்ணிக் குளவிகளில் பெரும்பாலானவை எந்தப் புழுவில் வளர்கின்றன என்பதற்கு இன்றுவரை பதிவு கிடையாது.